தகட்டுக்குள் பிறக்கும் எதிர்ப்பு

கணினித் திரைகள் கனமான கண்ணாடிக் குழாய்களாக இருந்த 1990-களில் அலுவலகக் கட்டடங்களில் விசித்திரமான புகார் ஒன்று அடிக்கடி எழுந்தது. கூடத்தில் இருக்கும் திரைகளில் ஓரத்தில் உள்ள நான்கைந்து மட்டும் நடுங்கும். எழுத்துகள் இடமும் வலமுமாக விடாமல் ஆடும். மாலைக்குள் கண் வலித்துவிடும். பழுது பார்ப்பவர் வந்து அந்தத் திரையை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும். புதுத் திரையை வாங்கிப் பழைய மேசையில் வைத்தால் அதுவும் நடுங்கும்.

கோளாறு திரையில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமோ தரைக்கு அடியிலோ டிரான்ஸ்ஃபார்மர் அறை இருக்கும். அங்கிருந்து பிரதான பேனலுக்குத் தடித்த கேபிள்கள் ஓடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அவற்றில் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் திசை மாறுவது என்பதால் இந்தப் புலமும் நொடிக்கு 50 சுற்றுகள் புரள்கிறது. திரையின் குழாய்க்குள் எழுத்தை வரைவது எலக்ட்ரான் கற்றை. புலம் அதை ஒவ்வொரு வரியிலும் சற்றே தள்ளிவிடுகிறது. திரை நொடிக்கு 60 முறை வரையப்பட்டால், இரண்டுக்குமுள்ள வித்தியாசமான 10 கண்ணுக்கு நடுக்கமாகத் தெரியும். அதற்கு ஒரு மைக்ரோடெஸ்லா அளவு புலமே போதும். பூமியின் காந்தப்புலம் சென்னையில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அது நாற்பது மடங்கு வலிமையானது. ஆனால் அசையாமல் நிற்பது. ஆகவே திரையையும் அது ஆட்டுவதில்லை.

இந்த நடுக்கத்தை நிறுத்த நடுவில் எதை வைப்பது? செங்கல் சுவரும் கான்கிரீட்டும் மரமும் கண்ணாடியும் காந்தப்புலத்துக்கு இருந்தும் இல்லாதவை. எக்ஸ் கதிரைத் தடுக்கும் ஈயத் தகடும் இங்கே அதிகம் உதவாது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு வேலை செய்கிறது. காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காந்தத்தோடு எந்த உறவும் இல்லாததுபோல் தோன்றும் இந்த உலோகம் காந்தப்புலத்தை எப்படி மறிக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. விடையின் தொடக்கம் மின்நிலையங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது.

1824-இல் பாரிஸில் பிரான்சுவா அராகோ காந்த ஊசிகளின் அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொங்கவிட்ட ஊசியைச் சற்றுத் திருப்பிவிட்டால் அது நெடுநேரம் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுத்தான் நிற்கும். அடியில் செம்புத் தகடு இருந்தால் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. செம்பு ஊசியை ஈர்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. ஊசி அசையாமல் நிற்கும்போது செம்பு அங்கே இருப்பதற்கான அறிகுறியே இல்லை. அசைந்தால் மட்டும் ஏதோ ஒன்று அதன் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. அராகோ சோதனையைத் தலைகீழாக்கிப் பார்த்தார். ஊசியை நிறுத்திவைத்துவிட்டு அதன் அடியில் செம்பு வட்டைச் சுழற்றினார். ஊசியும் கூடவே சுழன்றது. இடையில் கண்ணாடியை வைத்துக் காற்றோட்டத்தை மறித்தும் அது நிற்கவில்லை. ஐரோப்பிய அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் இதற்கு விளக்கம் தேடினார்கள்.

விளக்கம் 1831-இல் மைக்கேல் ஃபாரடேயிடமிருந்து வந்தது. மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. செம்பு வட்டு காந்தத்துக்கு அருகே சுழலும்போது அதன் உடலுக்குள்ளேயே மின்னோட்டங்கள் வளையமிட்டுச் சுற்றுகின்றன. அவற்றைச் சுழல் மின்னோட்டங்கள் என்கிறோம். அவற்றுக்கென்று தனிக் கம்பி கிடையாது, பேட்டரி கிடையாது. உலோகம் முழுவதுமே அவற்றின் பாதை. எந்த மாற்றம் அவற்றைப் பிறப்பித்ததோ அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில்தான் அவை ஓடும் என்பதை 1834-இல் ஹைன்ரிஹ் லென்ஸ் விதியாக வகுத்தார். 1855-இல் லியோன் ஃபூக்கோ மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே செம்பு வட்டைச் சுழற்றி, அது சூடாவதைக் காட்டினார். இந்த எதிர்ப்புக்கு ஒரு விலை உண்டு என்பதும் அத்தோடு தெரிந்துபோயிற்று. அந்த விலை வெப்பம்.

ஆக, அலுமினியத் தகடு காந்தப்புலத்துக்கு எதிரே நிற்கும் சுவராக வேலை செய்வதில்லை. புலம் மாறும் ஒவ்வொரு கணமும் தகட்டுக்குள் மின்னோட்டம் எழுகிறது. அது தனக்கென்று ஒரு எதிர்ப்புலத்தை உண்டாக்குகிறது. தகட்டின் மறுபக்கத்தில் அசல் புலமும் எதிர்ப்புலமும் சேர்ந்து ஒன்றையொன்று பெரிதும் கழித்துக்கொள்கின்றன. தகடு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எப்படி இணைக்க வேண்டும் என்ற கேள்விகள் அனைத்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த மின்னோட்டம் தடையில்லாமல் ஓட வழி இருக்கிறதா?

எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்டால் மின்பொறியியல் மாணவர்கள் உடனே புலம் உலோகத்துக்குள் ஊடுருவும் ஆழத்தைக் கணக்கிடுவார்கள். 50 சுற்று மின்சாரத்துக்கு அது செம்பில் சுமார் 9.3 மில்லிமீட்டர், அலுமினியத்தில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அந்த ஆழத்தைக் கடந்தால்தான் புலம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான அளவுக்குக் குறையும். அப்படியானால் 3 அல்லது 5 மில்லிமீட்டர் தகடு பயனற்றதாக அல்லவா இருக்க வேண்டும்? நடைமுறையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. இந்த முரணுக்கு மிக அழகான விடையை ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல் 1872-லேயே ராயல் சொசைட்டிக்கு அளித்த ஒரு கட்டுரையில் சொல்லிவிட்டார். மாற்று மின்சாரம் ஊர்களுக்கு வருவதற்கு முன்பு எழுதப்பட்டது அது. இன்று கேபிள்களுக்குத் தகடு வடிவமைக்கும் கணினி நிரல்கள் சொல்லும் முடிவுகளின் உட்பொருளைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான வழி இல்லை.

முடிவில்லாமல் விரிந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதன் கீழே திடீரென்று ஒரு காந்தம் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோன்றிய கணத்தில் தகட்டில் எழும் மின்னோட்டங்கள், மேல்பக்கத்தில் காந்தத்தின் புலத்தை முழுதாக அழித்துவிடுகின்றன. மேலே நின்று அளப்பவருக்கு, காந்தம் இருக்கும் அதே இடத்தில் அதற்கு நேரெதிரான இன்னொரு காந்தமும் அமர்ந்திருப்பதுபோல் கணக்கு வரும். ஆனால் தகட்டுக்கு மின்தடை உண்டு. மின்னோட்டங்கள் தேயத் தொடங்குகின்றன. அந்தத் தேய்வை மேக்ஸ்வெல் ஓர் இயக்கமாகக் கண்டார். எதிர்க்காந்தத்தின் பிம்பம் தகட்டைவிட்டு மாறாத வேகத்தில் கீழ்நோக்கி விலகிக்கொண்டே போகிறது. அது விலக விலக, உண்மைக் காந்தம் மேலே வெளிப்படுகிறது.

பிம்பம் விலகும் வேகம் தகட்டின் கடத்துதிறனையும் தடிமனையும் மட்டுமே பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் செம்புத் தகட்டுக்கு நொடிக்குச் சுமார் 27 மீட்டர். ஐந்து மில்லிமீட்டர் செம்புக்கு ஐந்தரை மீட்டர். மூன்று மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 15 மீட்டர். நம் மின்சாரத்தில் மின்னோட்டம் ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு மாற நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் ஐந்து மில்லிமீட்டர் செம்பின் பிம்பம் ஐந்தரை சென்டிமீட்டர் மட்டுமே நகர்ந்திருக்கும். கேபிளிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஐந்தரை சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. அசலும் எதிர்ப்பிம்பமும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகவே இருக்கின்றன. மறைப்பு ஏன் தூரத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடுகிறது.

இதே கணக்கைச் சமையலறை அலுமினியத் தாளுக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினைந்து மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தாளில் பிம்பம் நொடிக்கு மூவாயிரம் மீட்டர் வேகத்தில் ஓடிவிடும். நூறில் ஒரு நொடியில் முப்பது மீட்டர். எதிர்ப்பிம்பம் எங்கோ போய்விட்ட பிறகு கேபிளின் புலம் குறைவின்றி வெளியே நிற்கும். சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினால் மின்கம்பியின் காந்தப்புலம் நிற்கும் என்று யாராவது சொன்னால், மேக்ஸ்வெலின் இந்த ஒரு எண்ணே அதற்குப் பதில். ஈயமும் இங்கே தோற்பது இதனால்தான். அதன் மின்தடை செம்பைவிடப் பன்னிரண்டு மடங்கு. எடை மட்டும்தான் அதிகம்.

மின்தடையே இல்லாத பொருளில் என்ன ஆகும் என்ற கேள்வியும் இங்கே எழும். பிம்பம் நகரவே நகராது, மறைப்பு நிரந்தரம். அப்படிப்பட்ட மீகடத்திகள் 1911-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

இனி நிலத்தடிக்கு வருவோம். நகரங்களில் உயரழுத்தக் கம்பிகளைத் தூணில் கொண்டுபோக இடமில்லாமல் புதைவடங்களாக மாற்றுகிறார்கள். சென்னையின் சாலைகளுக்கு அடியிலும் 110, 230 கிலோவோல்ட் புதைவடங்கள் ஓடுகின்றன. தூணில் கம்பி எட்டாத உயரத்தில் இருக்கிறது. புதைவடமோ நடப்பவரின் காலுக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. மின்புலத்தைக் கேபிளின் உலோக உறையே முழுதாக அடக்கிவிடும்; காந்தப்புலம் அப்படி அடங்குவதில்லை.

கணக்கு எளியது. தனி ஒரு கேபிளில் 1,000 ஆம்பியர் பாய்ந்தால் இரண்டரை மீட்டர் தூரத்தில், அதாவது ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைத்துத் தரைக்கு ஒரு மீட்டர் மேலே அளந்தால், 80 மைக்ரோடெஸ்லா இருக்கும். ஆனால் மும்முனை மின்சாரத்தில் மூன்று கேபிள்கள் சேர்ந்தே போகின்றன. எந்தக் கணத்திலும் மூன்றின் மின்னோட்டங்களையும் கூட்டினால் பூஜ்யம். அதனால் அவற்றின் புலங்களும் பெரும்பாலும் தங்களுக்குள் கழிந்துவிடுகின்றன. மூன்று கேபிள்களையும் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாகப் படுக்கவைத்தால் அதே இடத்தில் புலம் சுமார் 14 மைக்ரோடெஸ்லாவாகிறது. பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள கேபிள்களை ஒன்றோடொன்று தொடும்படி முக்கோணமாகக் கட்டிவைத்தால் வெறும் 4. ஒரு துண்டு உலோகம்கூட வாங்காமல் 80 என்பது 4 ஆகிவிட்டது. நல்ல வடிவமைப்பாளர் தகட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த அடுக்குமுறையைத்தான் யோசிப்பார். கட்டடங்களுக்குள் இன்னொன்றையும் பார்ப்பார். நியூட்ரல் கம்பி தவறான இடத்தில் எர்த்துடன் சேர்ந்திருந்தால் திரும்பிப் போகவேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்ணீர்க் குழாய் வழியே வேறு பாதையில் போய்விடும். கழிதல் கெட்டுப் புலம் வீடெங்கும் பரவும். அங்கே செய்யவேண்டியது வயரிங்கைச் சரிசெய்வது. தகட்டுக்கு அங்கே வேலையில்லை.

அப்படியானால் தகடு எங்கே தேவைப்படுகிறது? பெரும்பாலும் இணைப்புக் குழிகளில். உயரழுத்தக் கேபிளைச் சில நூறு மீட்டர் நீளத்துக்குத்தான் ஒரே உருளையில் கொண்டுவர முடியும். ஒரு நீளம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஜாயிண்டர்கள் குழிக்குள் உட்கார்ந்து, காப்பை அடுக்கடுக்காகச் சீவி, தூசு படாமல் இணைக்க வேண்டும். கை நுழைய இடம் வேண்டுமென்பதால் அங்கே மூன்று கேபிள்களையும் விலக்கிப் போடுகிறார்கள். இடைவெளி கூடினால் புலமும் அதே விகிதத்தில் கூடும். தடம் முழுக்க அமைதியாக வந்த காந்தப்புலம் இணைப்புக் குழிக்கு மேலே திடீரென்று உயர்கிறது. அந்தக் குழி ஒரு குடியிருப்பின் வாசலுக்கு நேரே அமைந்துவிட்டால் அங்கேதான் தகடு வருகிறது.

இந்த இடத்தில் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு கேபிளுக்கும் ஏற்கெனவே ஓர் உலோக உறை இருக்கிறது. அந்த உறையின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் அதிலேயே எதிர் மின்னோட்டம் ஓடி வெளிப்புலத்தைக் குறைக்கும். மறைப்பு சும்மாவே கிடைக்கும். ஆனால் அந்த மின்னோட்டம் உறையைச் சூடாக்கும்; உறைக்குள்ளே இருக்கும் கேபிளும் சூடாகும்; அதில் அனுப்பக்கூடிய மின்சாரம் குறைந்துவிடும். இன்றைய பாலித்தீன் காப்புள்ள கேபிள்களின் கடத்தி 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து போகக்கூடாது. அதனால் நீண்ட தடங்களில் மூன்று கேபிள்களின் உறைகளை இடையிடையே ஒன்றோடொன்று மாற்றி இணைத்து, உறையில் மின்னோட்டமே ஓடாதபடி செய்கிறார்கள். இப்படி உறைக்குள் அடக்கிவிட்ட எதிர் மின்னோட்டத்தைத்தான் கேபிளிலிருந்து சற்றுத் தள்ளி, வெப்பம் மண்ணுக்குள் கரைந்துபோகும் இடத்தில், தகடு மறுபடியும் ஓடவிடுகிறது.

தகடு போடுவதில் முதல் பிரச்சினை விளிம்பு. மேக்ஸ்வெலின் தகடு முடிவில்லாதது. குழியில் வைக்கும் தகட்டுக்கு ஓரங்கள் உண்டு. கேபிளுக்கு நேர் மேலே அதன் போக்கிலேயே ஓடும் சுழல் மின்னோட்டம், தகட்டின் வேறு பகுதி வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். அகலம் போதவில்லை என்றால் திரும்பி வரும் மின்னோட்டம் ஓரத்தில் நெரிசலாகும். காந்தப்புலம் விளிம்பைச் சுற்றி மேலே ஏறிவிடும். சில இடங்களில் தகடு இல்லாதபோது இருந்ததைவிட விளிம்பருகே புலம் கூடுவதும் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் தகட்டை ஏழு மில்லிமீட்டராக ஆக்குவதைவிட அகலத்தைக் கூட்டுவது பெரும்பாலும் அதிகப் பலன் தருவது இதனால்தான். இடம் குறுகலாக இருந்தால் இரு பக்கமும் கீழே மடித்துக் கவிழ்த்த தொட்டி வடிவில் வைக்கிறார்கள். வெறும் தட்டையான தகடு, அளவைப் பொறுத்து, புலத்தைப் பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ குறைக்கக்கூடும். பக்கவாட்டையும் மூடிய வடிவம் அதைவிட நன்றாகக் குறைக்கும்.

இரண்டாவது, இணைப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும் தகட்டின் நீளம் இரண்டரை மீட்டரோ மூன்று மீட்டரோதான். பல தகடுகளை அடுத்தடுத்து வைத்து நீட்ட வேண்டும். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதுமென்று விட்டுவிட்டால் வேலை பாதி கெட்டது. அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. கண்ணுக்குத் தகடுகள் தொடர்ச்சியாகத் தெரியும், மின்னோட்டத்துக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. கேபிளின் போக்கில் நீளமாக ஓட வேண்டிய மின்னோட்டம் ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் சின்னச் சின்ன வட்டமாகச் சுருங்கிவிடும். அதனால் தகடுகளை முழு நீளத்துக்கும் வெல்டிங் செய்கிறார்கள். மழைத்தண்ணீர் ஊறிய குழிக்குள் அலுமினியத்தை ஒழுங்காக வெல்டிங் செய்வது எளிய காரியம் அல்ல. காகிதத்தில் நன்றாக இருந்த மறைப்பு களத்தில் பலன் தராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இணைப்புகளைத்தான்.

எர்த் கொடுத்தால்தான் தகடு வேலை செய்யும் என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. காந்தப்புலத்தைப் பொறுத்தவரை எர்த்துக்கு இதில் பங்கில்லை. சுழல் மின்னோட்டம் தகட்டுக்குள்ளேயே சுற்றுவது. அது பூமிக்குப் போகவேண்டியதில்லை. தொடுபவருக்கு அதிர்ச்சி ஏற்படாதிருக்க எர்த் கட்டாயம் வேண்டும். அது பாதுகாப்பு விஷயம், மறைப்பு விஷயம் அல்ல.

செம்பா, அலுமினியமா? ஐந்து மில்லிமீட்டர் செம்பின் வேலையைச் செய்ய எட்டு மில்லிமீட்டர் அலுமினியம் வேண்டும். அப்படியும் எடை செம்பில் பாதிதான், விலையும் குறைவு. ஆனால் சிமெண்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும். கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே ஈரத்தில் கிடக்கும் தகட்டுக்குப் பூச்சு தேவை. செம்புக்கு அந்தக் கவலை குறைவு. தகட்டைக் கேபிளுக்கு அருகே வைத்தால் சிறிய அகலமே போதும், ஆனால் வெப்ப இழப்பு கூடும். தள்ளி வைத்தால் வெப்பம் குறையும், அகலம் கூடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடைய முடியாது என்பதால் ஒவ்வொரு குழிக்கும் தனிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இரும்பு வேறு வழியில் வேலை செய்கிறது. புலத்தைத் தன்பக்கம் ஈர்த்துத் தன் உடல் வழியாகவே கொண்டுபோய்விடுகிறது. தகட்டுக்கு ஒட்டினாற்போல் அளந்தால் இரும்புதான் முந்தும். ஆனால் மூடப்படாத தட்டை வடிவில், தூரம் போகப்போக அதன் பலன் தேய்ந்துவிடும். செம்பும் அலுமினியமும் அங்கேதான் மேலோங்குகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் அறைகளில் இரும்பையும் அலுமினியத்தையும் அடுக்கி இரண்டின் பலனையும் பெறுவதுண்டு. நிக்கல் மிகுந்த மியூ மெட்டல் என்ற கலவை இன்னும் வலுவாகப் புலத்தை ஈர்க்கும். ஆனால் விலை அதிகம், வலிமையான புலத்தில் சீக்கிரமே நிரம்பித் திணறிவிடும். அது 1923-இல் லண்டனில் காப்புரிமை பெற்றபோது நோக்கம் மறைப்பு அல்ல. கடலடித் தந்திக் கேபிள்களில் செய்தி வேகமாகப் போவதற்காக உருவாக்கப்பட்டது அது.

கேபிளையும் இரும்பையும் எங்கே சேர்க்கக்கூடாது என்பது பேனல் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று முனைகளுக்கும் தனித்தனிக் கேபிள் வரும்போது, அவை நுழையும் கிளாண்ட் பிளேட் இரும்பாக இருந்தால் சூடேறும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் இரும்பு மூடிய வளையமாகிவிடுவதே காரணம். அதனால் அந்தத் தகட்டை அலுமினியத்தில் செய்வார்கள். தனிக் கேபிளின் மேல் சுற்றும் கவசக் கம்பியும் அதே காரணத்தால் அலுமினியமே.

கடத்தும் உலோகத்தால் செய்யும் மறைப்பு எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பார்க்க விரும்பினால் அனல் மின்நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னைக்கு வடக்கே வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. இந்த அளவு ஜெனரேட்டர் 21 கிலோவோல்ட்டில் இயங்கும்போது ஒவ்வொரு முனையிலும் 16,000 ஆம்பியருக்கு மேல் வெளியே வருகிறது. மறைப்பில்லாமல் இந்த மின்னோட்டத்தைத் தனியாக ஓடவிட்டால் ஒரு மீட்டர் தள்ளி 3,200 மைக்ரோடெஸ்லா புலம் இருக்கும். பக்கத்தில் உள்ள இரும்புத் தூண்களும் உத்தரங்களும் சூடேறும். மூன்று முனைகளும் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகும் ஆபத்தைத் தவிர்க்க மூன்றையும் விலக்கியே கொண்டுபோக வேண்டும் என்பதால் முக்கோணமாகக் கட்டும் உத்தியும் இங்கே இல்லை. அதனால் ஒவ்வொரு முனையின் கடத்தியையும் ஒரு பெரிய அலுமினியக் குழாய்க்குள் வைக்கிறார்கள். குழாய்களை முழு நீளத்துக்கும் வெல்டிங் செய்து, இரு கோடிகளிலும் மூன்று குழாய்களையும் குறுக்கே இணைத்துவிடுகிறார்கள். உள்ளே போகும் மின்னோட்டத்துக்கு ஏறக்குறைய சமமான எதிர் மின்னோட்டம் குழாயின் உடலில் ஓடத் தொடங்குகிறது. வெளியே மிஞ்சுவது மிகச் சிறிய பங்கு. விளிம்பும் இல்லை, வெல்டிங்கில் இடைவெளியும் இல்லை, திரும்பி வர வழியும் இருக்கிறது. தகடு மறைப்பின் இலக்கணம் முழுவதும் அந்தக் குழாய்களில் இருக்கிறது.

இவ்வளவு செலவு எதற்காக? எலக்ட்ரான் நுண்நோக்கி வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு விடை தெளிவு. மைக்ரோடெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கு புலம்கூட அணுக்களின் படத்தைக் கலைத்துவிடும். மனித உடல் என்று வரும்போது விடை அவ்வளவு எளிதல்ல. 1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்த்தைமரும் எட் லீப்பரும் மின்கம்பிகளுக்கு அருகே வாழ்ந்த குழந்தைகளிடம் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னதிலிருந்து இந்த விவாதம் தொடர்கிறது. 2001-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகைக் காந்தப்புலத்தை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. அந்த முகமையின் வரிசையில் இது வலுவான சான்று உள்ள வகுப்பு அல்ல. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றுகள் காரணத் தொடர்பை நிறுவும் அளவுக்கு வலுவாக இல்லை என்றும், மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய முன்னெச்சரிக்கைகள் நியாயமே என்றும் முடிவுக்கு வந்தது.

பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டி அளவு 2010-லிருந்து 200 மைக்ரோடெஸ்லா. இத்தாலி 2003-இல் புதிய மின்தடங்களுக்கு வீடு, பள்ளி, விளையாட்டுத் திடல் அருகே 3 என்ற இலக்கை வைத்தது. சுவிட்சர்லாந்து 2000-லிருந்து புதிய தடங்களுக்கு 1 என்று வரையறுத்திருக்கிறது. இணைப்புக் குழியில் தகடு என்பது ஐரோப்பாவில் வழக்கமான பொறியியலாக ஆனதற்கு இத்தகைய விதிகளே பெரும் காரணம். மின்சாரக் கட்டமைப்புகளுக்கான சர்வதேசப் பொறியாளர் அமைப்பான சீக்ரே 2009-இல் இந்த உத்திகளைத் தொகுத்து ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அடியில் கேபிளை நெருக்கிக் கட்டுவதும், இணைப்புக் குழியைப் பத்து மீட்டர் தள்ளித் தோண்டுவதும் வடிவமைப்பு மேசையிலேயே முடிந்துவிடும் வேலைகள். அச்சத்தைக் காட்டி வீட்டுச் சுவர்களுக்குத் தகடு விற்பதைவிட, தோண்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்க வைப்பதே மக்களுக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம்.

தகட்டின் பலன் மின்சாரம் திசை மாறும் வேகத்தையும் பொறுத்தது. சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பில் சுருளின் புலம் நொடிக்கு இருபதாயிரம் சுற்றுகளுக்கு மேல் புரள்கிறது. அந்த வேகத்தில் அலுமினியத்துக்குள் புலம் அரை மில்லிமீட்டர் அளவே ஊடுருவும். ஆகவே பல அடுப்புகளில் சுருளுக்கு அடியில் உள்ள மெல்லிய அலுமினியத் தகடே கீழேயுள்ள மின்னணுப் பலகைக்குப் போதுமான காப்பு. அந்த அடுப்பில் அலுமினியப் பாத்திரம் சூடேறாததற்கும் வேர் இதே இடத்தில்தான் இருக்கிறது. அதில் மின்னோட்டம் தாராளமாக எழுகிறது, ஆனால் தடை குறைவு என்பதால் வெப்பம் போதுமான அளவு பிறப்பதில்லை. எதிர்த்திசையில் போனால், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் ரயில் மின்சாரம் நொடிக்கு 16.7 சுற்றுகளே மாறுகிறது. அங்கே பிம்பம் விலகிப்போக மூன்று மடங்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது. அதே தகடு அங்கே குறைவாகவே எதிர்க்கிறது.

வேகம் பூஜ்யம் என்றால் தகடு செயலற்றது. தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் நேர்மின்சாரத் தடம் ஒன்று 2021 முதல் இயங்குகிறது. 2,000 மெகாவாட் கொண்டுபோகும் அந்தத் தடத்தில், கேரளப் பகுதியில் சுமார் 27 கிலோமீட்டர் புதைவடம். இரண்டு ஜோடிக் கேபிள்கள். முழுச் சுமையில் ஒவ்வொன்றிலும் 1,500 ஆம்பியருக்கு மேல் திசை மாறாமல் பாயும். இந்தப் புலம் பூமியின் புலம்போல அசையாமல் நிற்பது. ஒரு செம்புத் தகட்டை மேலே வைத்தால் மின்சாரத்தைப் போட்ட முதல் சில கணங்கள் மட்டும் அது எதிர்க்கும். அதற்குள் பிம்பம் ஓடிவிடும். அத்தகைய கேபிள் ஒன்று தனியாகப் போனால் இரண்டரை மீட்டர் தள்ளி சுமார் 125 மைக்ரோடெஸ்லா இருக்கும், காந்த ஊசி வடக்கை மறந்துவிடும். போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாகப் புதைத்தால் அது பன்னிரண்டரை மைக்ரோடெஸ்லாவாகக் குறையும்.